பறவை அபிமானி

"அக்கா, முதல்ல ஏணியை விட்டு இறங்குங்கோ!"

பேரின்பநாதன் போட்ட சத்தத்தில் கொப்பில் இருந்த பனி கொஞ்சம் கொட்டுண்டது.

ஏணியில் நின்ற அக்னெஸ் திரும்பிப் பார்த்தார். அறுபது வயது மனுசி. கையில் வாளி. வாளி நிறையக் கோலிக்குண்டு அளவில் சிவப்புக் காட்டு அப்பிள்.

கீழே பதினொரு பேர், பதினொரு கமரா. மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷனின் அந்தச் சின்னத் தெரு இவ்வளவு விலையான சாமான்களை ஒரே நேரத்தில் கண்டதில்லை.

எல்லாம் வாக்ஸ்விங் பறவைகளுக்காகத்தான். வடக்கே குளிர் முற்றினால் கூட்டமாக மொன்றியலுக்கு இறங்கி, மரத்தில் வாடித் தொங்கும் பழங்களைத் தின்றுவிட்டுப் போகிற கொண்டைப் பறவைகள். இரண்டு நாளாக இந்த வட்டாரத்தில் சுற்றுகின்றன என்று வாட்ஸ்அப் குழுவில் தகவல் வந்திருந்தது.

அந்தக் குழுவின் தலைவர்தான் பக்கத்து ஊரான லவாலில் இருந்து வந்த பேரின்பநாதன். ஐந்து வருடத்துக்கு முன்வரை அவர் அறிந்த ஒரே பறவை கோழி. அதுவும் துண்டு துண்டாக. இப்போது ஜக்கெற்றின் முதுகில் 'பறவைகளைக் காப்போம்' என்று பிரெஞ்சில் அச்சடித்துப் போட்டிருக்கிறார்.

"என்ன செய்யிறியள்?"

"பழம் ஆயிறன் தம்பி."

"அது தெரியுது. அச்சாறு போடவோ? போன வருசம் மாதா பெருநாளில இந்தப் பழத்தில அச்சாறு போட்டு வித்தது நீங்கள்தானே?"

விற்றவர்தான். இரண்டு போத்தல் வாங்கி, மூன்றாவதுக்கும் சொல்லிவிட்டுப் போனவர் பேரின்பநாதன்தான். அந்தக் கதையை அவர் இந்தச் சபையில் எடுக்கவில்லை.

"தம்பி, இது அதுக்கில்லை..."

"ஒண்டும் சொல்லாதேங்கோ. எவ்வளவு தூரம் பறந்து வாற சீவன்! அதின்ர வாய்க்குள்ள போறதைப் பறிக்கிறியளே, மனச்சாட்சி இல்லையோ உங்களுக்கு?"

ஒருவர் அதை வீடியோ எடுத்தார். எடுத்த கையோடு குழுவில் போட்டார். "எங்கட சனம் எங்க போனாலும் இப்பிடித்தான்" என்று முதல் பதில் வந்தது. எழுதியவர் போன கிழமை மான் இறைச்சி வத்தல் படம் போட்டவர்.

கூட்டத்தில் நின்ற கியூபெக் மாது ஒருத்தி கவலையோடு தலையை ஆட்டினாள். பேரின்பநாதன் அவள் பக்கம் திரும்பி, மொத்தத் தமிழினத்தின் சார்பிலும் "தெசோலே, மதாம்" என்று மன்னிப்புக் கேட்டார்.

"இன்னும் ரெண்டு கொப்புத்தான் தம்பி. அதுகள் வாறதுக்கு முன்னம் ஆய்ஞ்சு முடிச்சிடுறன். கும்பிட்டுக் கேக்கிறன், விடும்."

"இது சிற்றியின்ர மரம். இப்பவே ஃபோன் அடிக்கட்டோ?"

அக்னெஸ் இறங்கினார். முகம் சுண்டிப்போயிருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு, மரத்துக்கு நேரே இருந்த தன் வீட்டின் பின்பக்கம் ஓடினார்.

"பாத்தியளே, அச்சாறு ஓடுது!" என்றார் பேரின்பநாதன். எல்லோரும் சிரித்தார்கள். தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள்.

பத்து நிமிடத்தில் பறவைகள் வந்தன. ஐம்பது, அறுபது இருக்கும். மிச்சமிருந்த இரண்டு கொப்பிலும் மொய்த்துக்கொண்டு பழத்தை விழுங்கின. கமராக்கள் படபடத்தன.

அந்த இரண்டு கொப்பும் பக்கத்துப் புதுக் கட்டிடத்தின் பக்கம் நீண்டிருந்தன. கட்டிடம் நிலத்தில் இருந்து கூரை வரை கண்ணாடி. கண்ணாடிக்குள்ளும் ஒரு மரம், ஒரு நீல வானம். படத்துக்கு இதைவிட நல்ல பின்னணி கிடையாது என்று புகழ்ந்தார்கள்.

"இருக்கிற பறவையை ஆரும் எடுப்பினம். எனக்குப் பறக்கிறது வேணும்," என்றார் பேரின்பநாதன். அக்னெஸ் வீட்டு வெளிப்படியில் இரண்டு படி ஏறி நின்று, கையுறையைக் கழற்றி, ஓங்கிக் கை தட்டினார்.

பறவைகள் ஒன்றாக எழும்பின. கண்ணாடிக்குள் தெரிந்த வானத்தை நோக்கியே பறந்தன.

டப். டப். டப் டப் டப்.

ஏழு பறவைகள் கீழே விழுந்தன. மற்றவை சிதறிப் போய்விட்டன. கியூபெக் மாது வாயைப் பொத்திக்கொண்டாள்.

பின்பக்கத்தில் இருந்து அக்னெஸ் ஓடிவந்தார். கையில் சப்பாத்துப் பெட்டிகளும் பழைய துவாய்களும். பனியில் முழங்கால் ஊன்றி ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். அழுகையை அடக்க முடியவில்லை.

"நேற்று ஒன்பது இந்தக் கண்ணாடியில அடிபட்டது தம்பி. நாலைத்தான் காப்பாத்த ஏலுமாயிருந்தது. அதுதான் முன்பக்கத்துப் பழம் எல்லாத்தையும் ஆய்ஞ்சு, பின்வளவில பலகை போட்டுக் கொட்டிக்கொண்டிருந்தனான். அங்க கண்ணாடி இல்லை, அதுகள் நிம்மதியாத் தின்னும். சொல்ல விட்டனீரோ நீர்?"

அக்னெஸ் ஒரு பெட்டியை அவர் பக்கம் தள்ளினார்.

"உம்மட காலடியில கிடக்கிறதுக்கு இன்னும் மூச்சு இருக்கு. சூட்டில வைச்சால் தப்பும். கெதியாத் தூக்கி இந்தப் பெட்டிக்குள்ள வையும்!"

பேரின்பநாதன் உடனே பனியில் முழங்கால் ஊன்றிக் குனிந்தார்.

"ஒரு நிமிசம் அக்கா," என்றார், கமராவைக் கண்ணில் வைத்தபடி. "இவ்வளவு கிட்டவா இன்னொருக்காக் கிடைக்காது."