நின்றே கிடந்த வண்டி

“காலை எடு தாவீது. கிக்கரை மிதிக்காதே. இன்ஜின் சூடா கீது” என்றார் லாசர்.

குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையை இன்ஜின் மேல் வைத்திருந்தார். விலைக்கு வந்த பழைய பைக்கைப் பார்க்க, மணிமங்கலத்தில் ரத்தினத்தின் கொட்டகைக்குள் அவர்கள் அப்போதுதான் நுழைந்திருந்தார்கள்.

வண்டியின் சொந்தக்காரர் ரத்தினம் சங்கடத்துடன் ஒப்புக்கொண்டார். வாங்கிய ஆறாம் மாதமே மஸ்கட் போய்விட்டதாகவும், ஐந்து வருடமாக வண்டி தார்ப்பாய்க்குள்ளேயே நின்றதாகவும் சொன்னார். வாங்க வருகிறவர்கள் முன்னால் மானம் போகக்கூடாதே என்று, காலையில் நாலு பேரை வைத்துத் தள்ளி ஓடவிட்டாராம்.

“சூடு ஆறட்டும். சூட்டுல எந்த வண்டியும் கிளம்பும். பச்சத்தண்ணியா இருக்கும்போது கிளம்புதான்னு பாக்கணும்” என்றார் லாசர்.

தாவீது வடக்குப்பட்டுப் பையன். மறைமலை நகர் கம்பெனியில் வேலை. பஸ்ஸை நம்பி முதல் ஷிப்டுக்குப் பிந்திப் பிந்தி, இனி ஒருமுறை லேட்டானால் வரவேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கியிருந்தான். பழைய வண்டி வாங்கி ஏமாந்தால் இன்னொன்று வாங்க அவனுக்கு வழியில்லை. ஆனாலும் லாசரைக் கூப்பிட முதலில் தயங்கினான். அவர் வண்டியைத் தொட்டு இரண்டு வருடமாயிற்று. படப்பையிலிருந்த அவருடைய மெக்கானிக் பட்டறையும் கைமாறிவிட்டது. லாசரும் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். அவர் மனைவி கிரேசிதான் விடாப்பிடியாக நின்று அவரைக் கையோடு அழைத்து வந்திருந்தாள்.

சூடு ஆறும்வரை லாசர் சும்மா இருக்கவில்லை. டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்தார்; பழைய பெட்ரோல் வார்னிஷ் போல நாறியது. உள்ளே விரல் விட்டு வழித்ததில் துரு நெருநெருத்தது. டயரின் மேல்புறப் பட்டன்கள் தேயாமல் அப்படியே இருக்கின்றன என்றான் தாவீது. லாசர் டயரின் பக்கவாட்டில் நகத்தால் கீறினார். நகம் வெடிப்புக்குள் இறங்கியது.

“ஓடாமலே கெட்டுப்போச்சு. ரெண்டு டயரும் மாத்தணும்.”

மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார். மூவாயிரத்துச் சொச்சம் என்றான் தாவீது. மீட்டரைத் திருப்பி வைக்கிறவர்கள் உண்டு என்பதால் லாசர் கால் மிதி ரப்பரைத் தடவினார். வரிகள் புதிதுபோல மேடாக நின்றன. ரத்தினம் பொய் சொல்லவில்லை. சீட்டுக்கு அடியில் ஒயர்களை ஒவ்வொன்றாக நெருடிப் பார்த்தார், எலி கடிக்கவில்லை.

பிறகு தாவீது மிதித்தான். கிளம்பவில்லை. மூச்சு வாங்க வாங்க மிதித்தான்.

“வேணாம்ணா. காலைல அஞ்சு மணிக்கு இத்தோட மாரடிச்சுகினு நின்னா என் வேலை போயிடும். வாங்க, போலாம்” என்றான்.

லாசர் எழுந்திருக்கவில்லை. “ரத்தினம், ஒரு ஸ்குரூ டிரைவர் குடு” என்றார்.

லாசரின் விரல்கள் முதலில் ஒவ்வொரு திருகாகத் தேடித் தடவின. பிறகு அவை பழைய வழக்கத்துக்குத் திரும்பின. கார்புரேட்டரைக் கழற்றினார். பெட்ரோல் இறங்கும் ஜெட்டின் ஊசித் துளை பிசுக்கேறி அடைத்திருந்தது. மெல்லிய கம்பியால் குத்தி, வாயால் ஊதி, மறுபுறம் காற்று வருகிறதா என்று புறங்கையில் பிடித்துப் பார்த்தார். டேங்கில் இருந்ததை வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்றச் சொன்னார்.

“இப்ப மிதி.”

இரண்டாவது மிதியில் வண்டி உயிர் பிடித்தது. லாசர் சைலன்சர் பக்கம் குனிந்து முகர்ந்தார். எண்ணெய் கருகும் வாடை இல்லை. தாவீதை ஏரிக்கரை வரை ஓட்டச் சொல்லி, அவன் கியர் மாற்றும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டபடி வாசலில் நின்றார். பின்னால் கிரேசி மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது.

தாவீது திரும்பி வந்ததும், “டேங்கைக் கழுவி, டயரை மாத்திட்டா போதும். தைரியமா வாங்கு. நின்னு நின்னுதான் வீணாப்போச்சு, மத்தபடி நல்ல வண்டி” என்றார் லாசர்.

கம்பெனியில் தன் லைனில் இன்னும் இரண்டு பேர் பழைய வண்டி தேடுவதாகத் தாவீது சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவீங்களாண்ணா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“வர்றேன். பூசை முடிஞ்சதும் வந்து கூப்புடச் சொல்லு” என்றவர், கிரேசி இருந்த பக்கம் கையை நீட்டினார். “அந்தக் கோலைக் குடு.”

பட்டறையில் பேட்டரி வெடித்து இரண்டு கண்களும் போனபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்த வெள்ளைக் கோலை, லாசர் முதன்முதலாக வாய்விட்டுக் கேட்டு வாங்கியது அன்றுதான்.