நாக்குக்கு அடியில்

காலை மாத்திரையை விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறார்களா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது அந்த மனநல வார்டின் வழக்கம். வரிசையின் கடைசியில் தவமணி நின்றாள். அன்றுதான் மாற்றலாகி வந்திருந்த ரெஜினா சிஸ்டர் பட்டியலை இரண்டு தடவை பார்த்தாள்.

“உங்க பேரே இல்லையேம்மா. டாக்டர் மாத்திரைய நிறுத்திட்டாரா?”

“ஆமா சிஸ்டர். குணமாகி நாலு வருசமாச்சு. கூட்டிட்டுப் போகத்தான் யாரும் வரல.”

“அப்புறம் எதுக்கு வரிசையில நிக்கிறீங்க?”

தவமணி முகத்தை நிமிர்த்தி, கண்களை மூடி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள்.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயா தலை நிமிராமலே சொன்னாள்: “அது தினம் இப்படித்தான் வந்து நிக்கும் சிஸ்டர். கண்டுக்காதீங்க, கொஞ்ச நேரத்துல தானாப் போயிடும்.”

ரெஜினா டார்ச்சை எடுத்தாள். இடது கையால் தவமணியின் தாடையைத் தாங்கிப் பிடித்தாள். அந்த முகம் தன் பாரத்தையெல்லாம் மெல்ல அவள் உள்ளங்கையில் இறக்கி வைத்தது. நாக்குக்கு அடியில் ஒன்றும் இல்லை. சரி, போங்க என்று சொல்லிவிட்டால் கையை எடுத்துவிட வேண்டும்.

“சரியாத் தெரியலம்மா,” என்றாள் ரெஜினா. “இன்னும் கொஞ்சம் தூக்குங்க.”