பிரிட்ஜுக்கு எதிரே ஒரு நாற்காலி

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்றுதான் ஆண்டாளுக்குப் பயம். ஒரு வார்த்தை மாறிப்போனாலும் குற்றம் தன் மேலேயே திரும்பிவிடும். புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் முன்னால் வந்து நின்றாள்.

"இன்னாடி ஆண்டாளு, திருடிக்கினு வந்தவளாட்டம் முழிக்கிற?"

"யக்கா, நானா சொன்னா கம்மியாவோ ஜாஸ்தியாவோ பூடும். புக்குல இருக்கிறத அப்டியே படிக்கிறேன். நீயே நாயத்தைச் சொல்லு."

"இன்னா புக்கு?"

"கவிதை புக்கு. மருமவ வாங்கியாந்தது. கள்ளக்குறிச்சி புத்தகக் கண்காட்சியில."

"கவிதையா? அது நமக்கு எங்கடி புரியப் போவுது?"

"அதான்க்கா நெஞ்சை அடைக்குது. எல்லாமே புரியுது!"

ஆண்டாள் அஞ்சாவதோடு நின்றவள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

*எங்கள் வீட்டு பிரிட்ஜுக்குப்*
*பூட்டு கிடையாது.*
*எதிரே*
*நாற்காலி போட்டு*
*மாமியார் இருக்கிறார்.*

பெரியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அடியே! உன் செவப்பு சேரு!"

"நான் கரண்ட்டு பில்லுக்காக உக்காந்திருக்கேன்க்கா! சும்மா சும்மா கதவைத் தொறந்து மூடினா மீட்டரு ஓடுதில்ல? அதைப் போயி அச்சுல போட்டுட்டானுங்க. இவ சொல்லாம எவனுக்குத் தெரியும்? நேத்து சோறு துன்னும்போது இந்தப் பக்கத்தைப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறா. பொரையே ஏறிடுச்சி."

"எழுதினவ எந்த ஊராம்?"

"கோயமுத்தூராம். போன்ல சொல்லியிருப்பா. இப்ப ஊரு ஊரா என்னை வித்துக்கினு இருக்கானுங்க."

"சரி, இன்னொண்ணு படி, பாப்போம்."

*டவுன் பஸ்ஸில்*
*எனக்கு டிக்கெட் இலவசம்.*
*என் காலை மிதித்தவளுக்கும்.*

பெரியம்மாள் தொடையில் தட்டிச் சிரித்தாள். "நேத்து கச்சிராயபாளையம் பஸ்ஸுல எனக்கு நடந்ததுடி இது! அடுத்தது படி."

"நாயம் கேக்க வந்தா நீ கதை கேக்குறியே!"

சிடுசிடுத்தாலும் ஆண்டாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பே அவளைப் பயமுறுத்தியது. தனக்கே சிரிப்பு வருகிறதென்றால் ஊர் எப்படிச் சிரிக்கும்?

சாயங்காலம் மருமகள் இசைவாணி துணிக்கடை வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆண்டாள் புத்தகத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இந்த மாமியாரு யாரு? சொல்லு. உங்கம்மாவுக்குப் போன் போடப் போறேன். வந்து உன்னை இட்டுக்கினு போவட்டும்."

இசைவாணியின் முகம் வெளுத்தது. பக்கத்தைப் பார்த்தாள். பிரிட்ஜுக்கு எதிரே கிடந்த சிவப்பு நாற்காலியைப் பார்த்தாள்.

"அய்யோ அத்தை, இது எங்கம்மா!"

"இன்னாது?"

"எங்கம்மாவேதான் அத்தை. எங்க அண்ணி ஒரு டம்ளர் மோரு எடுக்கணும்னாலும் அவங்களைத் தாண்டித்தான் போவணும். அதை நெனச்சுத்தான் நேத்து சிரிப்பு வந்துடுச்சி. உங்களைப் போய் யாராச்சும் அப்டி எழுதுவாங்களா?"

ஆண்டாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு இன்னொரு அதிர்ச்சி. தைலம்மாளா! மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டப் போகிற, நாலு பேர் முன்னால் வாயே திறக்காத சம்பந்தியம்மாளா இப்படி?

நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது பந்தலோடு திரும்பிவிட்டவள் ஆண்டாள். அந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. உள்ளே இவ்வளவு நடக்கிறதா? பாவம், அந்த மருமகள் பெண். நல்ல வார்த்தை சொல்ல ஒருத்தர் வேண்டாமா?

இசைவாணி உலை வைக்க உள்ளே போனதும், ஆண்டாள் சிவப்பு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து போனைப் போட்டாள்.

"சம்பந்தி, தப்பா நெனைச்சுக்காதீங்க. மருமவளும் நம்ம பொண்ணு மாதிரிதானே? ஒரு டம்ளர் மோரு குடிச்சா குடிச்சிட்டுப் போவுது. அதுக்காகப் பெரியவங்க பிரிட்ஜுக்கு எதிர்ல சேரைப் போட்டுக்கினு உக்காரலாமா?"

"இன்னாங்க சொல்றீங்க? எந்த பிரிட்ஜு?"

"உங்க வூட்டு பிரிட்ஜுதாங்க."

"எங்க வூட்ல ஏதுங்க பிரிட்ஜு? மோரு பானையிலதான் கெடக்குது. யாரு வேணாலும் மொண்டு குடிக்கிறாங்க."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

ஆண்டாள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பெற்ற தாயின் பேரைக் கெடுத்து, மாமியாரின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது அந்தப் பெண்.

"ஏங்க, எம்பொண்ணு எதுனா தப்பு பண்ணிடுச்சுங்களா?" தைலம்மாள் பதறிப்போய்க் கேட்டாள்.

"இல்லீங்க. உங்க பொண்ணு தங்கம். ஒரு கவிதை படிச்சேன். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

போனை வைத்தாள். கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது.

ஆண்டாள் ஓசைப்படாமல் எழுந்து நாற்காலியைத் தூக்கினாள். டிவிக்கு எதிரே போடலாமா? வாசலில் போடலாமா? எதற்கும் இருக்கட்டும் என்று புத்தகத்தை எடுத்து, வேறு எங்கெல்லாம் மாமியார் உட்கார்ந்திருக்கிறார் என்று கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் வாசலில் போட்டாள்.