இருவருக்கும் ஒரு படம்

கண்ணில் போட்டுக்கொள்ளும் கண்ணாடியே ஆளுக்கொரு சினிமாப் படம் உருவாக்கிக் காட்டத் தொடங்கியதிலிருந்து, மூட்டை தூக்கும் சுடலைமுத்துவுக்கும் மனைவி பேச்சித்தாய்க்கும் பேச்சே அற்றுப்போயிருந்தது. பொறுக்கமாட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவர் கண்ணாடிக்கும் ஒரே விண்வெளிப் படத்தைக் கேட்டு வாங்கினான்.

முடிந்ததும் பேச்சித்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இதுல்லா படம்!”

“என்னத்தப் படம்? கனமே இல்லாத ஊர்ல மூட்டையத் தூக்க எதுக்கு அந்த ஹீரோ அப்படி முக்குறான்?”

“பொண்டாட்டிய விட்டுட்டுப் போறாம்லா, அந்தப் பாரம். உங்களுக்கு எங்க வெளங்கும்!”

“பாரம் நெஞ்சுலன்னா முதுகு எதுக்குட்டி வளையுது?”

வட்டிலில் சோறு ஆறியது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. திடீரென்று அவள் தன் கண்ணாடியைக் கையில் எடுக்கவும், மறுபடி தனிப் படத்துக்குப் போய்விடுவாளோ என்று பயந்தான்.

“நாளைக்கும் ஒரே படமாக் கேளுங்க,” என்றாள். “நீங்க தோக்குற வரைக்கும் விடமாட்டேன்.”