ஏழு வெள்ளை

பெயின்ட் கடை தந்த ஷேட் கார்டில் ஏழு வெள்ளைகள் இருந்தன. இளையவளைப் பெண் பார்க்க நாளை மறுநாள் வருகிறார்கள். அமிர்தவல்லி ஏழையும் முன்னறைச் சுவரில் வைத்துப் பார்த்து, இருப்பதிலேயே வெளுப்பானதைச் சொன்னாள். இரண்டு கோட் அடித்தும், உட்கார்ந்த ஆளின் தலை உயரத்தில், தேங்காய் அளவு எண்ணெய்க் கறை மறுபடி மேலே வந்துவிட்டது.

"எண்ணெய் உள்ள ஊறிப்போச்சும்மா. எமல்ஷன் நிக்காது. வருஷக்கணக்கா ஒரே எடத்துல சாஞ்சிருக்காங்க. யாரும்மா?" என்றார் பெயின்டர் தேவசகாயம்.

"முன்னாடி குடியிருந்தவங்க" என்றாள் அமிர்தவல்லி. அவளும் கணவரும் மனை வாங்கிக் கட்டிய வீடு அது.

தேவசகாயம் மூன்றாவது கோட்டுக்கு டப்பாவைக் கலக்கினார்.

பின்னறைக்குக் கொண்டுபோய் விட்டிருந்த மூத்தவள் அங்கேயும் தரையில் உட்கார்ந்து எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேச்சை நிறுத்திப் பதினோரு வருஷமாகிறது. அமிர்தவல்லி தினம்போல அவள் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள். பின்னி முடித்ததும் மகள் பின்னால் சுவரில் சாய்ந்தாள்.

"இந்தச் சுவரையாவது விட்டுவைடி" என்று சொல்லி, தலைக்கும் சுவருக்கும் நடுவே ஷேட் கார்டைச் செருகினாள் அம்மா.

சாயங்காலத்துக்குள் ஏழு வெள்ளையும் ஒரே நிறமாகிவிட்டன.