எட்டு மணித்தியாலத்துக்கு மேல்

கம்பளையில் ரயிலைத் தவறவிட்ட சபாரத்தினம், கண்டிக்குப் போகும் பேக்கரிப் பாண் வேனில் ஏறியிருந்தார். கொழும்புத் தேயிலைக் கம்பனி ஒன்றின் மனேஜர் அவர்.

வேன் ஆற்றுப் பக்கம் சாய்ந்தது.

“ஐயோ, நித்திரை கொள்ளாதையும்!”

டிரைவர் அந்தோனிமுத்து திடுக்கிட்டு வளைத்தான். மறுபடியும் தலை தொங்கியது. கீழே மகாவலி ஆறு. சபாரத்தினம் முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். பேச்சுக் கொடுத்தாலாவது விழித்திருப்பானா?

“இந்த வேலையை விட்டிட்டு எங்கட லிங்டன் கம்பனிக்கு வாரும். டிரைவர்மாரை எட்டு மணித்தியாலத்துக்கு மேல ஓட விடமாட்டம். அந்தச் சட்டம் நான் போட்டது.”

அந்தோனிமுத்து கொட்டாவி விட்டான்.

“அங்கதாங்க ஐயா வேல செய்றேன், கம்பளை லொறியில. நேரத்தக் கொறச்சதும் சம்பளமும் கொறஞ்சிருச்சு. அங்க எட்டு மணித்தியாலம் ஓடிட்டுத்தான் இந்த வேன எடுத்தேன்.”