சனிக்கிழமை இரண்டு சிட்டிகை

செம்பியனின் சாம்பாரில் ஒரு சிட்டிகை பொடியைத் தூவிக் கலக்கிவிட்டு, வெண்மதி விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அன்று சனிக்கிழமை. கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு சிட்டிகையும் போட்டாள்.

"என்ன புள்ள, சாம்பார் கசக்குது?"

"வெந்தயம் ஜாஸ்தியாயிடுச்சு மாமா."

விஷமில்லை. புருஷனுக்கு விஷம் வைக்கிற புத்தியெல்லாம் அவளுக்குக் கிடையாது, பாவம். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கம், 'குடிப்பவருக்கே தெரியாமல் குடியை மறக்கடிக்கலாம்' என்று போர்டு மாட்டியிருந்தவனிடம் வாங்கியது. "யார்கிட்டயும் மூச்சு விடாதம்மா. தெரிஞ்சா மருந்து வேலை செய்யாது" என்று வேறு சொல்லி அனுப்பியிருந்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கெஞ்சிப் பார்த்ததும் உண்டு. "கலியமூர்த்தி கதி தெரியுமில்ல?" என்பான் செம்பியன். இருவரும் பண்ருட்டியில் ஒரே பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டியவர்கள்; செம்பியன் இன்னும் ஓட்டுகிறான். கலியமூர்த்தி குடித்துக்கொண்டிருந்தவரைக்கும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. குடியை விட வைத்தியத்துக்குப் போனது தெரிந்ததும் வேன் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அப்படி இருக்கிறது நம் ஊர் நியாயம்.

பொடி நன்றாகவே வேலை செய்தது. இரண்டு மாதமாக அவன் வீட்டில் பாட்டிலைத் தொடவில்லை. ஆனால் சனிக்கிழமை வந்தால் போதும், சிதம்பரம் பஸ் ஏறிவிடுவான்.

கேட்டால், "ஒரு ஃபிரண்டப் பாத்துட்டு வரேன்" என்பான். சாயங்காலம் திரும்பும்போது வாடையே இருக்காது. வாடை தெரியாமல் குடிக்கவும் கற்றுக்கொண்டானா என்று அவளுக்கு வயிறு எரியும். அதற்குத்தான் அந்த இரண்டாவது சிட்டிகை.

அடுத்த வாரமே கண்ணெல்லாம் மஞ்சள் பூத்துச் சுருண்டு படுத்துவிட்டான். போனால் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குத்தான் என்றான்.

"கடலூர் பக்கத்துல இருக்குது. எதுக்கு மாமா சிதம்பரம்?" என்று வெண்மதியின் தம்பி சிலம்பரசன் கார் பிடித்துக்கொண்டு வந்து கேட்டான்.

"அங்கயே கூட்டிட்டுப் போடா" என்றான் செம்பியன் பிடிவாதமாக.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரிசில்லா வெண்மதியைத் தனியே அழைத்தார். "ஈரல் ரொம்பக் கெட்டுப்போயிருக்கும்மா. வீட்ல வேற ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"இல்லீங்க டாக்டர்." போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் அவள் வாயைக் கட்டிவிட்டது.

மறுநாள் காலையில் செம்பியன் மூச்சு வாங்க அவள் கையைப் பிடித்தான். "மதி, உங்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். சனிக்கிழமையானா நான்..."

"தெரியும் மாமா. குடிக்கத்தானே போன? போனது போவட்டும், நீ பொழச்சு வா, அது போதும்."

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். "பேசாத மாமா, மூச்சு வாங்குது" என்று அவள் அவன் வாயை மெல்லப் பொத்தினாள்.

மத்தியானம் போய்விட்டான். வெண்மதி மார்பில் அறைந்துகொண்டு அழுதாள். அவனிடம் மறைத்ததை இனி அவனிடம் சொல்ல வழியில்லை. கேஸாவது ஒன்றாவது என்று எழுந்து டாக்டரின் அறைக்குப் போனாள்.

"நான்தான் டாக்டர் கொன்னுட்டேன். குடிய நிறுத்தத்தான், அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்தேன். சனிக்கிழமை மட்டும் ரெண்டு மடங்கு..." மடியில் முடிந்திருந்த பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பிரிசில்லா பிரித்துப் பார்த்தார். பொடிக்கு நடுவே சரியாக அரைபடாத, எழுத்துப் பொறித்த மாத்திரைத் துண்டு ஒன்று கிடந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர், கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"வேலை போயிடும், யாருக்கும் தெரியக் கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர் கெஞ்சிக் கேட்டுக்கிட்டாரும்மா" என்றார்.

"எது தெரியக் கூடாதுன்னு டாக்டர்?" என்றாள் வெண்மதி.

"குடிய விடணும்னு சனிக்கிழமை சனிக்கிழமை எங்கிட்ட வந்து வாங்கிட்டுப் போனதும் இதே மாத்திரைதாம்மா."